வாடிவாசலும் ஃபைட்டரும்

எங்கள் சனிக்கிழமை ஆட்டத்துக்கு யார் புதிதாக வந்தாலும் அவர்கள் கையில் முதலில் திணிக்கப்படுவது ஃபைட்டர் கேரக்டர்தான். காரணம் கேட்டால் ஒரே பதில்: "அதான் மாப்ள ஈஸி. பக்கத்துல போ, பகடைய உருட்டு, அடி. யோசிக்கவே வேணாம்."

இந்தக் கடைசி வார்த்தைதான் எனக்கு ஒத்துவராதது. யோசிக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட ஃபைட்டர் இரண்டு வாரத்தில் செத்துப்போவார். கேரக்டர் சாகாவிட்டால் ஆடுகிறவருக்கு போரடித்து, மூன்றாவது வாரம் வரமாட்டார். ஐந்து பேர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் ஒருத்தர் போய்விட்டால் மதுரையில் இன்னொருத்தரைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். அதனால் ஃபைட்டர் ஆடுவது எப்படி என்று எனக்குத் தெரிந்ததை எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் "சனிக்கிழமையானா எங்கடா ஓடுற?" என்று கேட்கும் பி.காம் நண்பர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லி ஆடும் ஆட்டம். கேரி கைகேக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-ல் வெளியிட்டார்கள். ஒருத்தர் டன்ஜன் மாஸ்டர்; அவர்தான் உலகத்தையும் அதில் இருக்கும் அரக்கர்களையும் நடத்துவார். மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு கேரக்டர். என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். நடந்ததா இல்லையா என்பதை 20 முகம் கொண்ட பகடை சொல்லும். 1974-ல் வந்த முதல் பதிப்பில் மொத்தமே மூன்று வகைக் கேரக்டர்கள்தான்: மந்திரவாதி, பூசாரி, சண்டைக்காரன். அந்தச் சண்டைக்காரன்தான் இன்றைய ஃபைட்டர். அதாவது நம் ஆள் ஆட்டம் பிறந்த நாளிலிருந்தே இருக்கிறார்.

நாங்கள் ஆடுவது எல்லீஸ் நகரில் ஒரு நண்பனின் மொட்டைமாடி ரூமில். போர்டு என்பது கட்டம் போட்ட சார்ட் பேப்பர். ஒரு கட்டம் 5 அடி. சட்டைப் பட்டன்கள் நாங்கள்; புளியங்கொட்டைகள் எதிரிகள். விதிகள் 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு. 2024-ல் திருத்திய புத்தகங்கள் வந்துவிட்டன, நாங்கள் இன்னும் பழசில்தான் இருக்கிறோம். கீழே சொல்வதெல்லாம் அந்த 2014 கணக்குப்படி.

வாசல் கணக்கு

கணக்கிலிருந்தே தொடங்குகிறேன், காமர்ஸ் புத்தி :-)

முதல் லெவல் ஃபைட்டர் ஒருவர். செயின் மெயில் கவசம் 16, கேடயம் 2, ஆக ஆர்மர் க்ளாஸ் 18. உடம்பு ஓரளவு திடமாக இருந்தால் ஹிட் பாயிண்ட் 12. எதிரே நான்கு கோப்லின்கள். ஒரு கோப்லின் பகடையில் விழுவதோடு 4 கூட்டிக்கொள்ளும். ஆக 14 அல்லது அதற்கு மேல் விழுந்தால்தான் அடி படும். 20-ல் 7 வாய்ப்பு, அதாவது 35 சதவீதம். பட்டால் சராசரியாக 5.5 போகும். 20 விழுந்தால் வரும் இரட்டை அடியை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

வெட்டவெளியில் நான்கும் சூழ்ந்துகொண்டால் ஒரு ரவுண்டுக்குச் சராசரி நஷ்டம் 7.7. கையிருப்பு 12. இரண்டாவது ரவுண்டில் ஆள் காலி. அதே ஃபைட்டர் ஒரு குறுகலான வாசலில் நின்றால் ஒரு கோப்லின்தான் நேருக்கு நேர் வர முடியும். நஷ்டம் ரவுண்டுக்கு 1.9 சொச்சம். ஆறு ரவுண்டு தாங்கலாம். வாளும் அதே, கவசமும் அதே, பகடையும் அதே. மாறியது நின்ற இடம் மட்டும்.

இதை எல்லா கைடுகளும் சொல்லும். "வாசலைப் பிடி" என்பதுதான் ஃபைட்டருக்கு முதல் பாடம். ஆனால் கோப்லின் கையில் வில்லும் இருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். முன்னால் ஒன்று கத்தியோடு நிற்க, பின்னால் மூன்று அம்பு விடும். முன்னால் நிற்கும் கோப்லினே நமக்குக் கொஞ்சம் மறைப்பு என்பதால் ஆர்மர் க்ளாஸ் 20 ஆகும். அம்பு படும் வாய்ப்பு 25 சதவீதம். மூன்று அம்புக்கும் சேர்த்து 4.1, கத்திக்கு 1.9. மொத்தம் 6. இரண்டு ரவுண்டில் தலை சாய்ந்துவிடும். வாசலைப் பிடித்த லாபம் கிட்டத்தட்ட முழுசும் போச்சு.

இதற்கு விடை எங்களுக்கு எந்தப் புத்தகத்திலிருந்தும் கிடைக்கவில்லை. பாலமேட்டுப் பக்கத்திலிருந்து வரும் ஒரு நண்பன் சொன்னான். அவனுக்கும் வழக்கம்போல ஃபைட்டர்தான் கொடுத்தோம். விதிப் புத்தகம் பூராவும் இங்கிலீஷ். ஃபைட்டர் என்றால் படிக்க வேண்டியது கம்மி, அதனால் அவனுக்கு அதுதான் சரி என்று குழுவாக முடிவு செய்துவிட்டோம். அவனும் மூன்று வாரம் "அடிக்கிறேன்" என்ற ஒரு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. தன் முறை வரும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். நாலாவது வாரம், இதே மாதிரி ஒரு குகை வாசல். "நீ போய் வாசல்ல நில்லு" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம்.

அவன் சார்ட் பேப்பரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்: "வாசலுக்கு நேரா எதுக்குடா நிக்கணும்? எங்க ஊர்ல எவனும் வாடிவாசலுக்கு நேரா நிக்க மாட்டான். குத்திட்டுப் போயிரும். அங்கிட்டு ஒருத்தன் இங்கிட்டு ஒருத்தன், மரத்த ஒட்டி நிப்பாய்ங்க."

பட்டனை எடுத்து வாசலுக்குள் ஒரு கட்டம் தள்ளி, இடது மூலையில் வைத்தான். க்ளெரிக் பட்டனை வலது மூலையில் வைக்கச் சொன்னான். நடுக் கட்டம் காலி. குறுகலான பாதையில் வரிசையாக நிற்கும் வில்லுக்காரப் புளியங்கொட்டைகளுக்கு எங்களில் இந்த இரண்டு பேரும் கண்ணிலேயே படவில்லை. எங்களை அடிக்க வேண்டுமென்றால் வாசலைத் தாண்டி வந்தாக வேண்டும். ஒவ்வொன்றாகத்தான் வர முடியும். வந்த ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கத்திலிருந்தும் அடி. நான்கு பேரை ஒருவர் தடுப்பது என்ற கணக்கு, ஒருவனை இரண்டு பேர் அடிப்பது என்று தலைகீழானது.

அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம் என்று தை மாசம் பூரா டிவியில் பார்த்துக்கொண்டிருக்கிற நமக்கு இது ஏன் தோன்றவில்லை? வாடிவாசலை வேடிக்கை பார்க்கும் இடமாகத்தான் பார்த்திருக்கிறோம். அவன் அங்கே எங்கே நிற்பது என்ற கேள்வியோடு பார்த்திருக்கிறான். அன்றைக்கு ராத்திரி முழுக்க அவன் போனைத் தொடவில்லை.

வாய்ப்புச் செலவு

ப்ளஸ் டூ பொருளியலில் வாய்ப்புச் செலவு என்று படித்திருப்போம். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் கைவிட்ட இன்னொன்றின் மதிப்புதான் அதன் உண்மையான விலை. இந்த ஆட்டத்திலும் பெயர்ப் பொருத்தத்தோடு ஒரு விதி இருக்கிறது: வாய்ப்புத் தாக்குதல். என் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் எதிரி என்னை விட்டு விலகிப் போனால், அவன் முறையிலேயே நான் ஒரு அடி இலவசமாகக் கொடுக்கலாம். ஒரு ரவுண்டுக்கு ஒரு தடவைதான்.

ஃபைட்டரின் பெரிய ஆயுதம் இதுதான் என்பேன். பின்னால் நிற்கும் மந்திரவாதியிடம் ஓர்க் ஒன்று ஓட நினைக்கிறது. ஓடலாம், ஆனால் ஒரு வெட்டு வாங்கிக்கொண்டுதான் ஓட வேண்டும். அடி வாங்காமல் நழுவ வேண்டுமென்றால் அந்த முறையில் தாக்கும் வாய்ப்பைக் கைவிட வேண்டும். இரண்டில் எது செய்தாலும் அதற்குச் செலவு. நாம் செய்ததெல்லாம் சரியான கட்டத்தில் நின்றதுதான். கோப்லின்களுக்கு மட்டும் இது பலிக்காது. அவை செலவில்லாமல் நழுவும் வித்தை தெரிந்தவை. அவற்றுக்கு வழியையே உடம்பால் அடைக்க வேண்டும். ஏறக்குறைய நம் அளவே உள்ள எதிரி நம் கட்டத்துக்குள் புகுந்து போக விதி அனுமதிக்காது.

சென்டினல் என்ற தனித்திறமையை எடுத்துக்கொண்டால் இன்னும் விசேஷம். வாய்ப்புத் தாக்குதல் பட்டால் எதிரி அந்த முறை முழுக்க நகர முடியாது. நழுவும் வித்தையும் பலிக்காது. ஃபைட்டர் ஆடும் யாருக்கும் நான் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான்.

ஆடு எப்படிப் புலியைக் கட்டும்

எங்கள் அப்பத்தா உசிலம்பட்டிப் பக்கம். திண்ணையில் கரித்துண்டால் முக்கோணம் வரைந்து ஆடுபுலி ஆட்டம் ஆடுவார். 3 புலி, 15 ஆடு, கோடுகள் சந்திக்கும் இடங்கள் 23. கோயில் மண்டபங்களின் கல் தரையில் இதே கட்டம் செதுக்கியிருப்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். நேபாளத்தில் 4 புலி, 20 ஆடு வைத்து 25 புள்ளியில் பாக்சால் என்று ஆடுகிறார்கள்.

புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆனால் ஆட்டுக்குப் பின்னால் உள்ள புள்ளி காலியாக இருந்தால் மட்டும். பின்னால் இன்னொரு ஆடு நின்றால் புலி ஒன்றும் செய்ய முடியாது. ஆட்டுக்கு வெட்டும் சக்தியே கிடையாது. ஆனாலும் ஆடு ஜெயிக்கும். எப்படியென்றால் புலி நகர இடமில்லாமல் அடைத்து.

நான் பார்த்த ஃபைட்டர்களில் பாதிப் பேர் தங்களைப் புலி என்று நினைத்துக்கொண்டு முதல் ரவுண்டிலேயே எதிரிக் கும்பலுக்குள் பாய்கிறவர்கள். நாலு பக்கமும் காலி. இரண்டு எதிரி எதிரெதிர்ப் பக்கம் நின்றால் அடிப்பது சுலபம் என்ற விருப்ப விதியையும் உங்கள் டன்ஜன் மாஸ்டர் வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஃபைட்டர் ஆடு மாதிரி நிற்க வேண்டியவர். முதுகுக்குப் பின்னால் சுவரோ கூட்டாளியோ இருக்க வேண்டும். தான் நகர்ந்தால் எந்தப் புள்ளி காலியாகும், அது வழியாக யார் உள்ளே வருவார் என்று பார்த்துவிட்டுத்தான் காலை எடுக்க வேண்டும். சிலம்பத்திலும் வாத்தியார்கள் கம்பு வீச்சோடு காலடியை அவ்வளவு கண்டிப்பாகச் சொல்லித்தருவது இதனால்தானே?

ஒரு எச்சரிக்கை: இது வாளும் ஈட்டியும் வைத்திருக்கும் எதிரிக்கு. நெருப்பு உமிழும் டிராகனோ, 20 அடி ஆரத்துக்கு வெடிக்கும் தீப்பந்து மந்திரமோ எதிரே இருந்தால் ஆட்டு மந்தை மாதிரி கூடி நிற்கக் கூடாது. அப்போது பிரிந்துதான் நிற்க வேண்டும். எதிரி யார் என்று பார்த்து நிற்கும் விதத்தை மாற்றத் தெரிவதும் ஃபைட்டர் வேலையில் சேர்த்தி.

திமிலைப் பிடி

ஜல்லிக்கட்டில் வாலைப் பிடிக்கக் கூடாது, கொம்பைப் பிடிக்கக் கூடாது. திமிலை மட்டும் கட்டிப்பிடித்துக் கொஞ்ச தூரம் தாங்க வேண்டும். மாட்டுக்குக் காயம் எதுவும் இல்லை. ஆனால் பிடிபட்ட மாடு பிடிபட்டதுதான்.

ஃபைட்டருக்கும் இப்படி ஒரு வழி உண்டு. அடிப்பதற்குப் பதில் எதிரியைப் பிடித்துக்கொள்ளலாம். பிடிபட்டவனின் வேகம் பூஜ்யம். அடிப்பதற்குப் பதில் தள்ளி விழச்செய்யவும் செய்யலாம். ஐந்தாம் லெவலில் ஒரு முறைக்கு இரண்டு அடி கிடைக்கும் அல்லவா? ஒன்றைத் தள்ளுவதற்கும் இன்னொன்றைப் பிடிப்பதற்கும் செலவழியுங்கள். விழுந்தவன் எழுந்திருக்கத் தன் வேகத்தில் பாதி வேண்டும். பிடிபட்டவனுக்கு வேகமே இல்லை. ஆக எழுந்திருக்க முடியாது! விழுந்து கிடப்பவனைப் பக்கத்திலிருந்து அடிப்பது எல்லோருக்கும் சுலபம். உங்கள் கணக்கில் அந்த ரவுண்டு ஒரு ஹிட் பாயிண்ட்கூடக் குறைத்திருக்க மாட்டீர்கள். ஆனால் குழு மொத்தமும் போட்ட அடியில் உங்கள் பங்கு இருக்கும்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். பிடிக்க ஒரு கை காலியாக இருக்க வேண்டும், அதனால் வாளையோ கேடயத்தையோ விட வேண்டிவரும். நம்மைவிட ஒரு அளவு பெரிய எதிரி வரைக்கும்தான் இது நடக்கும். மலை மாதிரி டிராகனைக் கட்டிப்பிடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். அப்புறம், வில்லுக்காரக் கூட்டாளியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். விழுந்து கிடப்பவனைத் தூரத்திலிருந்து குறிபார்ப்பது கஷ்டம். நம் உபகாரம் அவருக்கு உபத்திரவம் ஆகிவிடும்.

கோட்டை எப்படி விழுந்தது

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் ஃபைட்டர் தனியாக ஜெயிக்க முடியாது. இதற்கு உதாரணம் தேடி எங்கும் போக வேண்டாம், பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால் போதும். பழைய மதுரைக் கோட்டையின் மேற்கு வாசலில் மிஞ்சிய துண்டு அங்கே நிற்கிறது. மற்ற மதில்களை 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடித்து அகழியைத் தூர்த்துவிட்டார்கள். வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் அப்படி வந்தவைதான்.

அந்தக் கோட்டைக்குள் நின்றுதான் யூசுப் கான் 1763-லும் 1764-லும் ஆங்கிலக் கம்பெனியையும் ஆற்காட்டு நவாபையும் எதிர்த்தார். மருதநாயகம் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். முதல் முற்றுகை மழைக்காலத்தோடு தோற்றது. அடுத்த வருஷம் நேரடியாக மதிலைத் தாக்கியபோதும் வந்தவர்கள் நிறைய ஆள் இழந்து திரும்பினார்கள். பிறகு வழியை மாற்றினார்கள். கோட்டையைச் சுற்றி அடைத்துச் சாப்பாட்டை நிறுத்தினார்கள். பசி உள்ளே போனதும் கூட இருந்தவர்களே அவரைப் பிடித்து ஒப்படைத்தார்கள். 1764 அக்டோபர் 15-ல் தூக்கிலிட்டார்கள். சம்மட்டிபுரத்தில் அவர் தர்கா இருக்கிறது.

புறத்திணையில் மதில் காப்பது நொச்சி, மதிலை வளைப்பது உழிஞை என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கியிருப்போம். அன்று நொச்சிக்காரர் மதிலில் தோற்கவில்லை. அவருக்குப் பின்னால் தோற்றார்.

எங்கள் மேசையிலும் இதேதான் நடக்கும். ஃபைட்டர் வாசலில் ஆறு ரவுண்டு வாங்கித் தருகிறார் என்று வையுங்கள். அந்த ஆறு ரவுண்டில் மந்திரவாதி "இந்த மந்திரம் வீணாயிடுமோ" என்று கணக்குப் பார்த்துக்கொண்டும், திருடன் பெட்டியைக் குடைந்துகொண்டும், க்ளெரிக் "அப்புறமா ஹீல் பண்றேன்" என்றும் இருந்தால், அவர் நின்றதற்கு அர்த்தமே இல்லை. அவர் செலவழிப்பது ஹிட் பாயிண்ட், வாங்குவது நேரம். வாங்கிய நேரத்தைப் பயன்படுத்த வேண்டியது மற்ற நாலு பேர். ஃபைட்டர் செத்துவிட்டால் "அவன் சரியா ஆடல" என்பது எங்கள் குழுவில் சர்வசாதாரணம். நான் கேட்பது, அவன் நின்ற நேரத்தில் நீ என்ன செய்தாய்?

அதனால் ஃபைட்டர் ஆடுகிறவர் வாயைத் திறந்து கேட்கப் பழக வேண்டும். "நான் இன்னும் ரெண்டு ரவுண்டுதான் தாங்குவேன், அதுக்குள்ள என்ன பண்ணப்போறீங்க?" இதைக் கேட்பதற்கு ஆக்‌ஷன் செலவாகாது. பாலமேட்டு நண்பன் இப்போது ஒவ்வொரு சண்டைக்கு முன்னாலும் கேட்கிறான். நாங்களும் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது. "அடிக்கிறேன்" என்பதற்கு மேல் பேசாதவனா இவன் என்று இருக்கிறது.

2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், மொழிபெயர்க்கலாம் என்ற உரிமத்தோடு இலவசமாக வெளியிட்டுவிட்டார்கள். அதை வைத்து ஃபைட்டருக்கு மட்டும் ஒரு பக்கத்தில் தமிழ்க் குறிப்பு தயார் செய்துகொண்டிருக்கிறான் அவன். புதிதாக வருகிறவர்களுக்கு இனிமேல் அதைத்தான் கொடுக்கப்போகிறோம். "எங்கே நிற்பது" என்பதுதான் அதில் முதல் தலைப்பு. "எப்படி அடிப்பது" மூன்றாவதாக வருகிறது.

உங்கள் மேசைக்கும் யாராவது புதிதாக வந்தால் தாராளமாக ஃபைட்டரைக் கொடுங்கள். யோசிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். முடிந்தால் அவர் ஊரில் என்ன விளையாடுவார்கள் என்றும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.